உரம் போடத் தெரியும். போட ஏன் முடிவதில்லை?

கூலாயிலிருந்து பழைய பெரிய சாலை வழியாகச் சிம்பாங் ரெங்கம் பக்கம் போகிறவர்கள் செடெனாக்கைக் கடந்துதான் போக வேண்டும். சாலையின் இரு பக்கமும் செம்பனை. குலை ஏற்றிய லோரிகள் ஆலையை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். பெரிய தோட்டங்களுக்கு இடையிடையே சிறு தோட்டங்களும் உண்டு. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர், மிஞ்சினால் பத்து ஏக்கர்.

பெரிய தோட்டத்து மரம் எது, சிறுதோட்டக்காரர் மரம் எது என்று கண்டுபிடிக்க வேலிக் கம்பியைப் பார்க்க வேண்டியதில்லை. ஓலையைப் பார்த்தாலே போதும். ஒரு பக்கம் கரும்பச்சையாக இருக்கும். மறுபக்கம் வெளுத்து, அடி மட்டைகள் மஞ்சளித்து, குலை சிறுத்து நிற்கும். எல்லாச் சிறு தோட்டமும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பல தோட்டங்கள் அப்படித்தான் இருக்கின்றன. இது செடெனாக்கில் மட்டும் காணும் காட்சியும் அன்று.

இதில் வேதனை என்னவென்றால், அந்த வெளுத்த மரங்களின் சொந்தக்காரர் பல வேளைகளில் நம்மவராகவே இருப்பார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஊழியர் சேமநிதிப் பணத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கியவர். அல்லது அப்பா காலத்து நிலத்தைப் பார்த்துக்கொள்பவர். அவருக்கு உரத்தைப் பற்றித் தெரியாதா? காப்பிக் கடையில் அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

"ஏண்ணே, ஓலையெல்லாம் மஞ்சளாப் போச்சே, உரம் போடலியா?"

"போடணும் தம்பி. எனக்குத் தெரியாதா? முப்பது வருசம் தோட்டத்துல உரம் போட்டவன்தானே நான். காசு வரட்டும், போடலாம்."

இந்தப் பதிலில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. "படிப்பறிவு இல்லாதவர்கள், சோம்பேறிகள், சொன்னாலும் கேட்கமாட்டார்கள்" என்று சிறுதோட்டக்காரரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் உலகத்தில் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. உரம் போடுவதும் போடாமல் விடுவதும் பெரும்பாலும் அறிவைப் பொறுத்ததாக இல்லை. கையில் காசு எந்த மாதத்தில் இருக்கிறது, நிலம் நிச்சயமாக நம்முடையதா, பக்கத்துத் தோட்டக்காரர் என்ன செய்கிறார், பையை நம்பலாமா என்பவற்றைத்தான் அது பொறுத்திருக்கிறது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மண்ணுக்குக் கொடுக்க வேண்டிய கடன்

முதலில் மண்ணின் கணக்கு. லோரியில் ஒரு டன் செம்பனைக் குலை ஏறிப் போகிறது என்றால் பழம் மட்டும் போகவில்லை. மண்ணிலிருந்து சுமார் 2.9 கிலோ தழைச்சத்தும் 3.7 கிலோ பொட்டாசியமும் கூடவே போகின்றன. இதை நமக்குப் பழக்கமான உரக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய 14 கிலோ அம்மோனியம் சல்பேட்டும் 7 கிலோவுக்கு மேல் எம்.ஓ.பி. என்னும் பொட்டாஷ் உரமும் ஒவ்வொரு டன்னோடும் கேட்டைத் தாண்டிப் போகின்றன.

மூன்று ஏக்கர்க்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஆண்டில் 7 டன் என்று வைத்தால், அவர் 21 டன் வெட்டுகிறார். குலையோடு மட்டும் போவது 6 பை அம்மோனியம் சல்பேட், 3 பை பொட்டாஷ். மரம் வளர்வதற்கு வேண்டியதும், மழையில் கரைந்து போவதும் இதில் சேரவில்லை.

இந்த வட்டாரத்து மண்ணும் அப்படியொன்றும் கொழுத்த மண் இல்லை. கருங்கல் பாறை சிதைந்து உண்டான செம்மஞ்சள் மண்ணுக்கு மலேசிய மண்ணியல் அறிஞர்கள் வைத்த பெயரே 'ரெங்கம் மண்'. பக்கத்து ரெங்கம் ஊரின் பெயர்தான் அது. தண்ணீர் நன்றாக வடியும். வேர் நன்றாக இறங்கும். ஆனால் புளிப்பு மண், சத்துக் குறைவு. போட்டால்தான் கொடுக்கும்.

ஜோகூர் மண் இதை முன்பே ஒரு முறை சொல்லியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே சீனர்கள் மிளகும் காம்பீரும் பயிரிட்டார்கள். காம்பீர் இலையைக் காய்ச்சிச் சாறெடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை மிளகுக் கொடிக்கு உரமாகப் போட்டார்கள். அப்படியும் சில ஆண்டுகளில் மண் களைத்துப் போனது. காட்டை அழித்து அடுத்த இடத்துக்குப் போனார்கள். அன்று போவதற்குக் காடு இருந்தது. இன்று மூன்று ஏக்கர்க்காரர் எங்கே போவார்? இருக்கிற மண்ணுக்கே கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காசு வரும் மாதமும் உரம் போடும் மாதமும்

இனி, "காசு வரட்டும்" என்ற பேச்சுக்கு வருவோம்.

ஏக்கருக்கு 55 மரம் என்றால் மூன்று ஏக்கரில் 165 மரம். காய்க்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 8 கிலோ கலவை உரம் என்று கணக்கிட்டால் 1,320 கிலோ. 50 கிலோப் பையாக 26க்கு மேல் வரும். விலை ஏறும், இறங்கும். கணக்குக்காகப் பை 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,640 வெள்ளி. குலை விலை டன் 800 வெள்ளி என்று வைத்தால், மாதம் சராசரி ஒன்றேமுக்கால் டன்னுக்கு 1,400 வெள்ளி வரும். அதிலும் வெட்டுக்கூலி, லோரிக் கூலி போக வேண்டும்.

ஆண்டுக் கணக்காகப் பார்த்தால் உரத்துக்குப் பணம் இருக்கிறது. மாதக் கணக்காகப் பார்த்தால்தான் இல்லை. எப்படி?

நம் நாட்டில் பழம் அதிகமாக வரும் காலம் ஏறக்குறைய ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. கையில் காசு புரளும் நேரம் அது. அடுத்து வருவது தீபாவளி. துணிமணி, பலகாரம், உறவுமுறை. அதற்குப் பின் பிள்ளைகளின் பள்ளிச் செலவு. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜோகூரை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அடைமழையில் உரம் போட்டால் அது ஓடைக்குத்தான் போகும். ஆகவே மழை தணிந்த பிறகு, பிப்ரவரி மார்ச்சில் உரம் போட வேண்டும். ஆனால் பழம் மிகக் குறைவாக வருவதும் அந்தப் பிப்ரவரி மார்ச்சில்தான்! பாதி அளவு உரம் என்றாலும் 13 பை, 1,300 வெள்ளி. அந்த மாதத்துப் பழக்காசு முழுவதையும் கொடுத்தாலும் போதாது.

பழம் இருக்கும்போது உரக் காலம் இல்லை; உரக் காலம் வரும்போது காசு இல்லை. நம் அண்ணன் சோம்பேறி இல்லை. அவர் பஞ்சாங்கத்தில் மாட்டிக்கொண்டவர்.

இதே சங்கடம் ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுச் சோள விவசாயிகளுக்கும் உண்டு. எஸ்தர் டுஃப்ளோ, மைக்கேல் கிரேமர், ஜொனாதன் ராபின்சன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் மேற்குக் கென்யாவில் சோதனை நடத்தி 2011ல் முடிவை வெளியிட்டார்கள். (முதல் இருவரும் 2019ல் அபிஜித் பானர்ஜியோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றவர்கள்.) விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே சோதித்ததில், அளவோடு போட்ட உரம் நல்ல லாபம் தந்தது. விவசாயிகளும் "அடுத்த பருவம் போடுவோம்" என்றுதான் சொன்னார்கள். ஆனால் விதைப்புக் காலம் வந்தபோது பெரும்பாலோரிடம் காசு இல்லை, போடவில்லை.

ஆராய்ச்சியாளர்கள் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும்போதே வீட்டுக்குப் போய், "இப்போதே உரத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள். வேண்டிய நேரத்தில் உரத்தை இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கிறோம்" என்றார்கள். விலையில் தள்ளுபடி இல்லை. கொண்டுவரும் கூலி மட்டும் மிச்சம். அதற்கே உரம் வாங்கியவர் தொகை நன்றாகக் கூடியது. பின்னால் உரக் காலத்தில் விலையைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தால் எவ்வளவு பேர் வாங்குவார்களோ, ஏறக்குறைய அவ்வளவு பேர் வாங்கினார்கள். அதே இலவச வண்டியை உரக் காலத்தில் அனுப்பியபோது அந்த அளவுக்குப் பலன் இல்லை.

இதிலிருந்து நமக்குத் தெரிவது என்ன? கேட்கும் நேரம் சரியாக இருந்தால் ஏழையும் உரம் வாங்குகிறான்.

இரண்டு ஆண்டு காத்திருக்கும் பயிர்

சோளத்துக்கும் செம்பனைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. சோளத்துக்கு உரம் போட்டால் அந்தப் பருவத்திலேயே பலன் தெரியும். செம்பனையில் ஒரு பூ ஆண் பூவா, குலையாகும் பெண் பூவா என்பது குலை பழுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆகவே இன்று போடும் உரத்தின் முழுப் பலன் இரண்டு ஆண்டு கழித்துத்தான் லோரியில் ஏறும்.

இதில் ஓர் ஏமாற்றும் உண்டு. உரத்தை நிறுத்தினால் அந்த ஆண்டே பழம் குறைந்துவிடாது. மரத்தில் ஏற்கெனவே உருவான குலைகள் வந்துகொண்டிருக்கும். "பாத்தீங்களா, உரம் போடாமலேயே காய்க்குதே! வீணா ரெண்டாயிரம் வெள்ளியக் கொட்டிக்கிட்டு இருந்தோம்" என்று மனிதர் சந்தோஷப்படுவார். இரண்டாம் ஆண்டு கடைசியில் குலை சிறுக்கும், எண்ணிக்கை குறையும். அப்போது அவர் வெயிலைக் குறை சொல்வார்; எலியைக் குறை சொல்வார்; பழம் எடை போடுபவரைக் குறை சொல்வார். உரத்தை நிறுத்தியது நினைவிலேயே இருக்காது. திரும்பப் போட ஆரம்பித்தாலோ, இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்து வரும் பலனுக்காக இன்று பணம் போட வேண்டுமானால், இரண்டு ஆண்டு கழித்தும் நிலம் நம் கையில் இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். நிலப் பட்டா இல்லாமல் தற்காலிக உரிமத்தில் இருப்பவருக்கும், குத்தகைக்கு எடுத்து நடத்துபவருக்கும் அந்த நம்பிக்கை எப்படி வரும்? குத்தகைக்காரர் வெட்டுவதை வெட்டிக்கொண்டு போகத்தான் பார்ப்பார். அடுத்தவர் வெட்டப் போகும் குலைக்கு இவர் ஏன் உரம் வாங்குவார்?

செடெனாக்கில் இந்தக் கவலைக்கு இன்னொரு காரணமும் வந்திருக்கிறது. சில ஆண்டுகளாக இங்கே செம்பனை நின்ற நிலத்தில் தொழில்நுட்பப் பூங்கா எழும்பி, பெரிய பெரிய கணினித் தரவு மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. நிலத்துக்கு நல்ல விலை வரும் என்று காத்திருப்பவர் மரத்துக்கு உரம் போடமாட்டார். விற்கப் போகும் மாட்டுக்குப் புல் வாங்குவாரா என்ற கதைதான். விற்பவர் விற்கட்டும், அது அவர் உரிமை. ஆனால் விற்கவும் இல்லாமல், உரம் போடவும் இல்லாமல் நான்கைந்து ஆண்டைக் கழிப்பவருக்கு இரு பக்கமும் நஷ்டம்.

பக்கத்துத் தோட்டக்காரரின் கண்

அடுத்தது, பார்த்து நம்புவது. அதிகாரி மேடை போட்டுப் பேசுவதைவிடப் பக்கத்துத் தோட்டத்தில் ஏறும் குலைக்கு மதிப்பு அதிகம். ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அன்னாசி விவசாயிகளை ஆராய்ந்து டிமோதி கான்லி, கிரிஸ்டபர் உட்ரி இருவரும் 2010ல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது. தமக்குத் தெரிந்த ஒருவர் ஓர் அளவு உரம் போட்டு எதிர்பாராத லாபம் எடுத்தால், மற்றவர்களும் அந்த அளவை நோக்கித் தங்கள் கையை மாற்றிக்கொண்டார்கள். பயிருக்குப் புதியவர்களே அதிகமாக அப்படிச் செய்தார்கள்.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது. 1960ல் இந்திய அரசு தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. விதை, உரம், கூட்டுறவுக் கடன், ஆலோசனை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பதே அந்தத் திட்டம். பிறகு 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. உரத்தை ஏற்றுக்கொண்டு குறுவையில் நன்றாக விளையும் ரகம் அது. ஒரு வயலில் விளைந்ததை அடுத்த வயல்காரர் வரப்பில் நின்று பார்த்தார். உரம் அப்படித்தான் பரவியது. விதையும் கடனும் தண்ணீரும் இல்லாமல் உரத்தை மட்டும் கொடுத்திருந்தால் அவ்வளவு வேகம் இருந்திருக்காது.

நம் நாட்டிலும் அப்படியே. 1956ல் அமைந்த பெல்டாவின் குடியேற்றக்காரர்களுக்கு உரமும் ஆலோசனையும் திட்டத்தின் வழியாகவே வந்தன. செலவு பின்னர் வருமானத்தில் பிடிக்கப்பட்டது. கூலாய்ப் பக்கம் தாயிப் அண்டாக், புக்கிட் பத்து போன்ற பெல்டா நிலங்கள் இருக்கின்றன. ரப்பர் சிறுதோட்டக்காரருக்கு 1973 முதல் ரிஸ்டா இருக்கிறது. மறுநடவு உதவியில் உரமும் சேர்த்தே கொடுத்தது. யாருடைய திட்டத்திலும் சேராமல் தனியாக நிற்கும் சுயேச்சைச் சிறுதோட்டக்காரர்தான் உரம் போடத் தடுமாறுகிறார். நம்மவரில் நிலம் வைத்திருப்பவர் பலரும் இந்த வகைதான். இவர்களுக்கென்றே மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் 'துனாஸ்' என்ற ஆலோசனை அதிகாரிகளை வைத்திருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். "மலாய் நல்லா பேச வராதே" என்று தயங்குகிறவர்கள் பள்ளிக்குப் போகும் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாமே!

விலை என்னும் பேய்

காசு இருந்தும் உரம் வாங்கப் பயப்படுவதற்கு விலையும் காரணம். யூரியா நம் நாட்டிலேயே, பிந்துலு, குரூன், சிப்பித்தாங் ஆலைகளில் இயற்கை எரிவாயுவிலிருந்து தயாராகிறது. ஆனால் செம்பனைக்கு மிக வேண்டிய பொட்டாஷ் இங்கே தோண்டக் கிடைப்பதில்லை. கனடா, ரஷ்யா, பெலாருஸ் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வர வேண்டும். 2021ல் பெலாருஸ் மீது தடை. 2022 பிப்ரவரியில் உக்ரேன் போர். எங்கோ நடந்த சண்டை செடெனாக் சிறுதோட்டக்காரரின் உரப்பையில் விலையாக ஏறியது.

அந்த 2022 மார்ச்சில் செம்பனை எண்ணெய் விலையும் டன் 7,000 வெள்ளியைத் தாண்டியது. துணிந்து உரம் வாங்கினார்கள் சிலர். அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் எண்ணெய் விலை 4,000 வெள்ளிக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறிய விலையில் உரம் வாங்கி, இறங்கிய விலையில் பழம் விற்றவருக்கு அடுத்த முறை கை நடுங்காதா? அவர் பயத்தை அறியாமை என்று சொல்ல முடியாது.

அதற்காக உரமே வேண்டாம் என்று ஒரே நாளில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2021 மே மாதம் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. நெல் விளைச்சல் பெரிதும் விழுந்து அரிசியை வெளியிலிருந்து வாங்க வேண்டிய நிலை வந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். ஆனால் தேயிலை அதற்குள் அடி வாங்கிவிட்டது. 2021ல் சுமார் 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022ல் சுமார் 25 கோடி கிலோவாகக் குறைந்தது. அங்கேயும் தேயிலையில் பெரும்பங்கு சிறுதோட்டக்காரர் கையில்தான் இருக்கிறது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் நம் உறவுகளுக்குக் கொழுந்து குறைந்தால் கூடையும் குறையும், கூலியும் குறையும். பணத்தட்டுப்பாடும் எரிபொருள் தட்டுப்பாடும் அந்தக் கஷ்டத்தை இன்னும் பெரிதாக்கின.

பையைப் படியுங்கள்

சரி, மூன்று ஏக்கர்க்காரர் என்னதான் செய்வது?

முதலில் பையின் மேல் இருக்கும் எண்களைப் படிக்க வேண்டும். 15-15-15 என்றால் நூறு கிலோவில் தழைச்சத்து 15, மணிச்சத்து 15, சாம்பல் சத்து 15. 50 கிலோப் பையில் ஒவ்வொன்றும் ஏழரைக் கிலோ. 12-12-17-2 என்றால் சாம்பல் சத்து கூடுதல். கடைசி 2 மக்னீசியம். யூரியாவில் 46 பங்கு தழைச்சத்து. அம்மோனியம் சல்பேட்டில் 21 தான். பை மலிவு என்று வாங்கிச் சத்தைக் கோட்டை விடக்கூடாது. கடைக்காரரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். 2020 முதல் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் கட்டாயம் ஆகிவிட்டதால், எப்போது எவ்வளவு உரம் போட்டோம் என்ற குறிப்பும் ரசீதும் எப்படியும் வேண்டும்.

இரண்டாவது, ஓலையைப் படிக்க வேண்டும். அடி மட்டை இலைகளில் ஆரஞ்சுப் புள்ளி விழுந்தால் பொட்டாஷ் குறைவு. வெயில் படும் பக்கம் மஞ்சளித்து, நிழல் விழும் பக்கம் பச்சையாகவே இருந்தால் மக்னீசியம் குறைவு; கீசரைட் கேட்கிறது. இளம் இலை நுனி கொக்கி போல் வளைந்தால் போரான் குறைவு. தோட்டத்தில் வேலை செய்த நம் அக்காமார்கள் இதை ஒரு பார்வையிலேயே சொல்வார்கள். வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் மரமாக உரம் போட்டவர்கள் அவர்கள்தானே! வீட்டில் உரத்தைப் பற்றி முடிவு செய்யும்போது அவர்களையும் கேளுங்கள்.

மூன்றாவது, காசில்லாத உரத்தை விடக்கூடாது. வெட்டிய மட்டைகளை வரிசைக்கு நடுவில் அடுக்கினால் மக்கிச் சத்தாகும். மண் அரிப்பையும் தடுக்கும். கோழி எரு கிடைத்தால் நல்லது. ஆலையில் பழம் உதிர்த்த வெற்றுக் குலை கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் பொட்டாஷ் நிறைய உண்டு. இவை பையுரத்தின் பாரத்தைக் குறைக்கும். ஆனால் டன் கணக்கில் குலை வெளியே போகும் தோட்டத்தில் இவை மட்டும் போதும் என்று இருந்துவிட முடியாது.

நான்காவது, நேரம். ஈரமான மண்ணில் போடுங்கள். காய்ந்த தரையில் போட்ட யூரியா காற்றோடு போகும். மூக்கில் ஏறும் அந்த வாசனைதான் உங்கள் காசு. கொட்டும் மழைக்கு முன்னும் போடக்கூடாது. ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். அதிகம் போட்டால் அதிகம் காய்க்கும் என்பதும் தவறு. மிஞ்சியது ஓடைத் தண்ணீரைத்தான் கெடுக்கும்.

டன்னுக்கு 125 வெள்ளி

இவை எல்லாவற்றுக்கும் மேல், காசு வரும் மாதத்தையும் உரம் போடும் மாதத்தையும் சேர்த்துக் கட்ட ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறு நம் கையிலேயே இருக்கிறது.

மேலே சொன்ன மூன்று ஏக்கர்க்காரர் 21 டன் வெட்டுகிறார். உரச் செலவு 2,640 வெள்ளி. ஒவ்வொரு டன்னுக்கும் 125 வெள்ளியை அன்றே தனியாக எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 2,625 வெள்ளி சேர்ந்துவிடும். பழம் அதிகமாக வரும் மாதத்தில் அதிகம் சேரும், குறைவான மாதத்தில் குறைவாகச் சேரும், யாருக்கும் பாரமில்லை. தீபாவளிக்கு முன்பே உரத்துக்குப் பணம் கட்டி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. கையில் இருக்கும் காசு கரையும். உரமாக மாறிய காசு கரையாது. (பையை மட்டும் மழை படாத இடத்தில், பலகை மேல் அடுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கரையும்!)

பழம் வாங்கும் தரகரிடம் உரத்தைக் கடனாக எடுத்துப் பழக்காசில் கழிப்பவர்களும் உண்டு. அவசரத்துக்கு அது உதவும்தான். ஆனால் கடன் வாங்கியவன் எடையைப் பற்றியும் விலையைப் பற்றியும் வாய் திறக்க முடியாது. சொந்தக் காசில் வாங்கியவன்தான் தராசைப் பார்த்துக் கேள்வி கேட்பான்.

தனியாகச் செய்வதைவிடப் பத்துப் பேர் சேர்ந்தால் பலம் அதிகம். பத்துப் பேர் ஆளுக்கு 13 பை என்றால் 130 பை. லோரிக்கூலி பத்தாகப் பிரியும். கடைக்காரரும் இறங்கிப் பேசுவார். சிறுதோட்டக்காரருக்காகச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆதரவில் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. அருகில் இருந்தால் விசாரித்துச் சேருங்கள்.

"நம்மாளுங்க ஒண்ணு சேர மாட்டாங்கண்ணே" என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, வேலையும் வீடும் இழந்து தவித்தவர்கள் நம் மக்கள். 1960ல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால் வெட்டும் தொழிலாளியிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில்தான் தோட்டங்களை வாங்கினார்கள். அன்றைய நாட்கூலியில் பிடித்து வைத்த காசு அது. அந்தக் காசு தோட்டத்தையே வாங்கியது என்றால், இன்று டன்னுக்கு 125 வெள்ளி பத்து மூட்டை உரத்தை வாங்காதா?

அடுத்த லோரி வரும்போது அந்த முதல் 125 வெள்ளியை ஒரு டின்னில் போட்டு வையுங்கள். பிப்ரவரியில் மழை விட்டதும் அதைத் திறந்து பாருங்கள். அப்போது யாராவது வந்து, "ஏண்ணே, உரம் போடலியா?" என்று கேட்டால், "போட்டாச்சி தம்பி, ரெண்டு வருசம் கழிச்சி வந்து கொலையைப் பாரு" என்று சொல்லலாம்.